ரேடியோப் பெட்டிக்குள் கலந்த பாட்டுகள்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு பாட்டு வந்தால் "இது மெலடி, இது கானா, இது ராப்" என்று முதலில் இனம் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்கள். 1970களில் பெங்களூரில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, எந்தப் படம் என்பதுதான் பாட்டுக்கு அடையாளம்.

இதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதம் வளரவேண்டும் என்று எண்ணி ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். அதே ஆண்டில் அங்கே இந்தியில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. சர்க்கார் வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதியை ஆரம்பித்தது. தரம் பிரிக்கப் போனவரே எல்லாம் கலப்பதற்கு வழி செய்துவிட்டார் என்பது அடியேன் கருத்து.

புதன் இரவு 8 மணிக்கு கீத்மாலா. கவ்வாலி, ராகப் பாட்டு, கிளப் டான்ஸ் பாட்டு எல்லாம் ஒரே படிவரிசையில், வெறும் எண்ணாக நிற்கும். காலையில் இலங்கைத் தமிழ் ஒலிபரப்பில் 'பொங்கும் பூம்புனல்'. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது இவர்கள் குரலுக்காகவே கேட்டோம். வீட்டுக்கு ஒரே பெட்டி, அதற்கும் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம். அப்பா கேட்பதைத்தான் நாமும் கேட்கவேண்டும். பிடிக்காத பாட்டும் காதில் விழுந்து விழுந்து பிடித்துப்போகும்.

சமணத் துறவியான இளங்கோவடிகளும் சிலம்பில் அரங்கேற்ற இசைக்குக் கொடுத்த இடத்தைக் கானல்வரிக்கும், வேட்டுவ வரிக்கும், ஆய்ச்சியர் குரவைக்கும் கொடுத்தார். பெயர்கள் வேறு வேறுதான். இது உசத்தி, அது மட்டம் என்று அவர் சொல்லவில்லை.

பெங்களூரில் மொழி வேலியும் அப்போது தாழ்வாகத்தான் இருந்தது. காக்கிநாடாவில் பிறந்த பி.பி. ஸ்ரீனிவாஸ், தமிழில் ஜெமினி கணேசனுக்கும் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் குரல். 1974-இல் 'சம்பத்திகெ சவால்' படத்தில் பாடிய பிறகுதான் ராஜ்குமார் தம் பாட்டைத் தாமே பாடுவது வழக்கமாயிற்று. அதற்கு இசையமைத்தவர் ஜி.கே. வெங்கடேஷ், 1976-இல் 'அன்னக்கிளி' வருமுன் இளையராஜா இவரிடம் உதவியாளராக இருந்தவர். பக்கத்து வீட்டுக் கன்னட நண்பரும் நானும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கேட்போம். கீத்மாலாவில் இந்த வாரம் எது முதல் படி என்பதில்தான் சண்டையே வரும்.

1991 டிசம்பரில், காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டி நம்மவர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் ஒரு ராத்திரி பி.பி.எஸ். பாட்டு வந்தது, தமிழ்ப் பாட்டு. தெருவுக்குக் கேட்டுவிடும் என்று வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டார்கள். மறுநாள் காலை, கடை எதுவும் திறக்காத நேரத்தில், அந்த நண்பர்தான் பால் கொண்டுவந்து கொடுத்தார். "ராத்திரி ஏன் பாட்டை நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.