குதிரைமேல் வீற்றிருக்கும் கணக்கர்

கேட்வேக்கு எதிரே குதிரைமீது வீற்றிருக்கும் சத்ரபதி சிவாஜியின் சிலையைத் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் நன்கறிவர். விடுமுறையில் ஊர் செல்லும் அவர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலையும் காண்கின்றனர். ஆங்கு ஆயிரங்கால் மண்டப முகப்பில் குதிரைமேல் அமர்ந்திருப்பவர் யாரென வினவினால் விடையிறுப்போர் சிலரே. அவர்தாம் தளவாய் அரியநாத முதலியார்.

தொண்டை மண்டலத்து மெய்ப்பேட்டில் எளிய வேளாளர் குடியில் பிறந்தவர் என்பது மரபு. கணக்கில் தேர்ந்து, பிழைப்பு நாடி விசயநகரம் சென்றார். கணக்கராய்ப் புகுந்து படைத்தலைவராய் உயர்ந்தார். இரயில்வேயில் நாள்தோறும் பேரேடு புரட்டும் நமக்கு இச்செய்தி உவகை தருகின்றது.

1529-இல் மதுரையில் நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாதர், அரியநாதரையே தளவாயாகவும் பிரதானியாகவும் கொண்டார். சேனையும் பொக்கிஷமும் ஒருவர் கையில்! பாண்டியர் பழங்கோட்டை இருந்த இடத்தில் 72 கொத்தளங்களுடன் புதுக்கோட்டை எழுந்தது. கொத்தளத்திற்கு ஒருவராகப் பாளையக்காரர் காவல் ஏற்றனர். பாளையத்தின் வருவாயில் ஒரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என வகுத்தனர். நெல்லைச் சீமையிலிருந்து இங்கு வந்த நம்மவர் பலருடைய முன்னோர் இப்பாளையங்களில் வாழ்ந்தவரே.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது, மதுரை நிலைத்தது. விசுவநாதர் முதல் இரண்டாம் கிருஷ்ணப்பர் வரை நான்கு தலைமுறை அரசர்க்கும் அரியநாதர் துணை நின்று, 1600-ஆம் ஆண்டளவில் மறைந்தார்.

மைசூரில் படைத்தலைவராயிருந்த ஐதரலி, 1761-இல் அரசரை ஒதுக்கி அதிகாரத்தைத் தாமே கைக்கொண்டார். அத்தகைய வாய்ப்பு அரியநாதர்க்கும் வாய்த்திருந்தது. எனினும் அவர் அரியணையை நாடவில்லை. அவர் பெருமை இதுவே என்போம்.

குறையும் கூறுவதே நேர்மை. நடு அரசு தளர்ந்தபின் பாளையக்காரர் தமக்குள் பொருதனர். அவருள் ஆங்கிலேயரை எதிர்த்த கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்டார். 1801-க்குப்பின் பாளைய முறையே ஒழிந்தது. வலிய நடுவரசு ஒன்றை நம்பி அமைத்த ஏற்பாடு, அது தளர்ந்ததும் சிதறிற்று.

தெலுங்கு மன்னர், தமிழ்க் கணக்கர் ஒருவரிடம் தம் கோட்டைச் சாவியையே ஒப்புவித்தனர். பிறமொழியாரிடையே வாழும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ? அடுத்த முறை மதுரை செல்லும் பெற்றோரே, அக்குதிரையின்முன் சற்று நின்று, அதன்மேல் அமர்ந்திருப்பவர் பெயரை உம் மக்களுக்குச் சொல்வீராக!