சோற்று உருண்டையும் தொண்டை முள்ளும்

கோடையில் கண்மாய் வற்றியதும் கீரனூரைச் சுற்றிய புதுக்கோட்டைச் சீமையில் மீன்பிடித் திருவிழா களைகட்டும். அன்று வீட்டுக்கு வீடு கெண்டை, கெளுத்திக் குழம்பு கொதிக்கும். கெண்டையின் சதைக்குள் கவைத்த நுனியோடு கிடக்கும் மெல்லிய முள் தொண்டையில் குத்திவிட்டால், வெறுஞ்சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். இதைப் பாரம்பரிய வைத்தியம் என்று சொல்வது சரியல்ல. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை, தொண்டையில் குறுக்கே மாட்டிய எலும்புக்கு வேறு வழி சொல்கிறது. மயிர்ச் சுருளை நீண்ட நூலில் கட்டி நீர் ஆகாரத்தோடு விழுங்கவைத்து, வாந்தி வரச் செய்து, முள் சிக்கியதும் நூலைச் சுண்டி இழுக்க வேண்டும். உள்ளே தள்ளுவதையும் சங்கிதை அனுமதிக்கிறதே என்று கேட்கலாம். அனுமதிக்கிறது, ஆனால் வழிகளில் கடைசியாகத்தான் அதைச் சொல்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த வரி: புண்ணான தொண்டைக்குத் தேனும் நெய்யும், அல்லது தேனும் சர்க்கரையும் கலந்த திரிபலைச் சூரணம். முள் போனாலும் காயம் நிற்கும் என்பதை அதை எழுதிய மருத்துவர் அறிந்திருந்தார்.

ஆனாலும் அது கண்ணால் பாராத வைத்தியம்தான். 1854-இல் பாட்டு வாத்தியார் மானுவேல் கார்சியா சிறு கண்ணாடியால் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். 1895-இல் எக்ஸ்ரே வந்தது. 1897-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் குஸ்தாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்கிளைக் குழாயில் சிக்கிய எலும்பைக் குழாய்க் கருவி வழியே பார்த்தபடியே எடுத்தார். தொண்டையில் குத்தும் மீன் முள் பெரும்பாலும் உள்நாக்கின் இருபுறச் சதையிலோ நாக்கின் அடியிலோதான் நிற்கும். வாயைத் திறந்து விளக்கடித்தால் பல நேரம் இடுக்கிக்கே எட்டிவிடும். ஆழத்தில் நின்றால் எண்டாஸ்கோப்பி வேண்டும். மீன் முள் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. அதனால் சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாகச் சோற்று உருண்டை பலித்ததே என்பது வலுவான கேள்வி. சிறு முள் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். பெயர் உருண்டைக்குப் போய்விடும். கழலாத முள்ளை உருண்டை இன்னும் ஆழமாக அழுத்தும். அது உணவுக்குழாயைத் துளைத்தால் கழுத்திலும் மார்பிலும் சீழ் கோக்கும், உயிருக்கே ஆபத்தாகும். முள்ளே சதைக்குள் புகுந்து நகர்ந்துவிட்டால், கழுத்தை வெளியிலிருந்து திறந்துதான் எடுக்க வேண்டும். சோற்று உருண்டைக்கு ஒரு காலத்தில் இருந்த நியாயம் தூரம் மட்டுமே; பார்க்கத் தெரிந்த கை பக்கத்தில் இல்லை. திருச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 1997-இலும் புதுக்கோட்டையில் 2017-இலும் தொடங்கின. கீரனூர் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே, பஸ் ஓடும் சாலையிலேயே இருக்கிறது.