வீட்டின் நடுவே ஒரு வானம்: முஸ்லிம் நகரங்களில் முற்றத்து வாழ்வு

அரபு மொழி பயிலத் தொடங்கிய மாணவரிடம் 'ஸஹ்ன்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால், 'தட்டு' என்று உடனே விடை கூறுவார். அதே சொல் வீட்டின் முற்றத்தையும் பள்ளிவாசலின் திறந்த வெளியையும் குறிக்கும் என்றதும் சற்றே வியப்பார். உணவை ஏந்தும் அகன்ற பாத்திரத்துக்கும், வானத்தை ஏந்தும் அகன்ற வெளிக்கும் அரபியர் ஒரே பெயரை வழங்கினர். இப்பெயரைக் கட்டடக் கலையின் கண்கொண்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அறைகள் கட்டி எஞ்சிய இடமன்று முற்றம். முற்றத்தை முதலில் வகுத்து, அதைச் சுற்றி எழுப்பப்பட்டதே வீடு.

இன்று நாம் வீட்டை மனையின் நடுவில் எழுப்புகிறோம். சுற்றிலும் எஞ்சும் குறுகிய வெளியில் நாற்காலிகள் சிலவற்றை இட்டு, அதனை ஓய்விடம் என்கிறோம். வெயிலும் அடுத்த வீட்டு மாடியின் பார்வையும் அங்கே நம்மை இருக்கவிடுவதில்லை. நாற்காலிகள் மட்டும் அங்கே இருக்கின்றன. திறந்த வெளியில் மனம் ஒன்றி அமர்வதற்கு முந்தைய தலைமுறையினர் எதை முதன்மையாகக் கருதினர் என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மதீனாவின் நிழல்

முற்றம் வைத்து வீடு கட்டுவது இஸ்லாத்துக்கு மிகவும் முற்பட்ட வழக்கம். ஈராக்கின் ஊர் நகர அகழாய்விலும், கிரேக்க, ரோமானிய இல்லங்களிலும் முற்றங்கள் காணப்படுகின்றன. முஸ்லிம்கள் அம்மரபை ஏற்று, அதற்குப் புதிய ஒழுங்கும் சட்டமும் வகுத்தனர்.

622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல், மண்கற் சுவர்கள் சூழ்ந்த ஒரு திறந்த வெளியே. அதன் கிழக்கு ஓரத்தில் அன்னாரின் துணைவியரின் சிறு அறைகள் அமைந்தன. பேரீச்ச மரத் தண்டுகளே தூண்கள், ஓலையே கூரை. கிப்லா தெற்கு நோக்கி மாறிய பின்னர், வடபுறத்து நிழற்பகுதி வீடற்ற தோழர்களின் தங்குமிடமாயிற்று. அதுவே 'ஸுஃப்பா'. அங்கு தங்கியோர் 'அஹ்லுஸ் ஸுஃப்பா' எனப் போற்றப்படுகின்றனர்.

அந்தச் சொல்லின் பிற்காலப் பயணம் சுவையானது. விரிப்பும் மெத்தையும் இட்ட மேடை என்ற பொருளில் 'ஸுஃப்பா' துருக்கியில் புகுந்து, ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, 'சோபா' என நம் வீட்டுக்கே திரும்பி வந்துள்ளது. 'திவான்' என்ற இருக்கையின் பெயரும் முஸ்லிம் நாடுகளிலிருந்து சென்றதே. தரையில் மெத்தை விரித்திடும் இடத்தைக் குறித்த 'மத்ரஹ்' என்பதே ஆங்கிலத்தில் மெத்தையைக் குறிக்கும் 'மேட்ரஸ்' ஆயிற்று. இவை யாவும் தரையோடு ஒட்டிய, எளிதில் இடம் மாற்றத்தக்க இருக்கைகள். காலையில் நிழல் விழும் பக்கம் விரிப்பை இட்டுக்கொள்ளலாம். மாலையில் காற்று வரும் பக்கம் எடுத்துச் செல்லலாம். மரச்சாமான் மிகுதியாக இல்லாத வீட்டில் மனிதர் நிழலைப் பின்தொடர்ந்து வாழ்ந்தனர்.

ஃபுஸ்தாத் முதல் காஹிரா வரை

அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எகிப்தில் நிறுவிய ஃபுஸ்தாத் நகரின் இடிபாடுகளை 1912 முதல் அலீ பஹ்ஜத் அகழ்ந்து ஆராய்ந்தார். அங்கு வெளிப்பட்ட வீடுகளில் முற்றத்தின் நடுவே சிறு நீர்த்தொட்டியும், அதனையொட்டிச் செடி நடும் பாத்திகளும், நீர் வரும் குழாய்களும் காணப்பட்டன. முற்றத்தை நோக்கி ஒரு பக்கம் முழுவதும் திறந்த 'ஈவான்' என்னும் கூடங்கள் அமைந்திருந்தன.

1047ஆம் ஆண்டளவில் அந்நகரைக் கண்ட பாரசீகப் பயணி நாஸிரே குஸ்ரவ், தாம் கேட்டறிந்த ஒரு செய்தியைத் தம் பயணநூலில் எழுதியுள்ளார். ஏழு அடுக்கு மாளிகை ஒன்றின் மொட்டைமாடியில் ஒருவர் தோட்டம் அமைத்தாராம். கன்றாக மேலேற்றப்பட்டு அங்கேயே வளர்ந்த காளை நீர்ச்சக்கரத்தைச் சுற்ற, கீழிருந்து தண்ணீர் மேலே வந்ததாம். நாரத்தையும் வாழையும் அங்கே காய்த்தனவாம். நிலம் இல்லாதபோதும் பசுமையைக் கைவிட மனமில்லாத ஒரு நகரத்தின் படம் இது.

இக்கலை முதிர்ந்த நிலையைக் காஹிராவின் 'பைத்துஸ் ஸுஹைமீ'யில் இன்றும் காணலாம். தர்புல் அஸ்ஃபர் சந்தில் 1648இல் கட்டப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விரிவாக்கப்பட்ட வீடு இது. வாசலில் நுழைந்தவருக்கு முற்றம் உடனே தெரியாது. வளைந்து செல்லும் நடையைக் கடந்த பின்னரே கண்ணில் படும். தெருவில் செல்வோர் கதவு திறந்திருக்கும்போதும் உள்ளே இருப்போரைக் காண இயலாது. முற்றத்தின் மேல்தளத்தில் 'மக்அத்' என்னும் திறந்த கூடம் வடக்கு நோக்கி அமைந்துள்ளது. காஹிராவில் குளிர்ந்த காற்று வடக்கிலிருந்தே வீசும் என்பதைக் கொத்தனார் நன்கறிந்திருந்தார்.

அவ்வீட்டில் முன்புறத்துக் கல்முற்றமும் பின்புறத்துத் தோட்டமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே 'தக்தபூஷ்' என்னும் கூரையிட்ட இருக்கை இடம் உள்ளது. இதன் நுட்பத்தை எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹீ (1900-1989) விளக்கியுள்ளார். பின்புறத் தோட்டம் பெரிது, நிழல் குறைவு. எனவே அங்குள்ள காற்று விரைவில் சூடேறி மேலெழும். அது எழுந்த வெற்றிடத்தை நிரப்ப, உயர்ந்த சுவர்களின் நிழலில் குளிர்ந்திருக்கும் முன்முற்றக் காற்று தக்தபூஷின் வழியாகப் பாயும். அங்கே அமர்ந்திருப்பவருக்கு விசிறி வேண்டுவதில்லை. இரவில் இறங்கும் குளிர்காற்றும், தட்டில் நீர் தேங்குவதுபோல் முற்றத்தில் தேங்கி, மறுநாள் முற்பகல் வரை அறைகளைக் குளிர்விக்கும். 'ஸஹ்ன்' என்ற பெயர் அதற்கு எத்துணைப் பொருத்தம்!

திமஷ்கின் பழைய இல்லங்களும் இவ்வாறே அமைந்தன. முற்றத்தின் தென்புறத்தில் வடக்கு நோக்கித் திறந்த 'லீவான்' கோடைகால இருக்கை. நடுவே 'பஹ்ரா' என்னும் நீர்த்தொட்டி. அதனைச் சுற்றி மல்லிகையும் எலுமிச்சையும் 'நாரஞ்ச்' மரமும் நிற்கும். இந்த நாரஞ்ச் ஹிஜ்ரி 300க்குப் பின்னர் இந்தியாவிலிருந்து உமானுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து பஸராவுக்கும் ஷாமுக்கும் பரவியதாக வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ குறிப்பிடுகிறார். அதன் பெயரையும் நம் நாரத்தையோடு உறவுடையதெனச் சொல்லாராய்ச்சியாளர் கருதுவர்.

இப்னு லுயூனின் அறிவுரை

திறந்த வெளியை எவ்வாறு வகுப்பது என்பதை முறையாக எழுதி வைத்தவர்களுள் அந்தலுஸின் அல்மரிய்யா நகரத்து அறிஞர் இப்னு லுயூன் குறிப்பிடத்தக்கவர். 1348இல் வேளாண்மை பற்றி அவர் இயற்றிய செய்யுள் நூலின் இறுதிப் பகுதி, தோட்டத்து வீட்டின் அமைப்பைக் கூறுகிறது. அதன் சாரம் வருமாறு: வீடு மேட்டில் இருக்கட்டும், அங்கிருந்து நோட்டமிடவும் காவல் காக்கவும் எளிது. கிணறும் தொட்டியும் உயர்ந்த இடத்தில் அமையட்டும். நிழலினூடே ஓடும் வாய்க்கால் இருப்பின் இன்னும் நன்று. தொட்டியருகே இலையுதிராத செடிகள், அப்பால் மலர்ச்செடிகள், அதற்கப்பால் மரங்கள், எல்லையில் திராட்சைக் கொடிகள். அகலத்தைவிட நீளம் மிகுந்திருக்கட்டும். கண் நெடுந்தொலைவு உலவும்.

தோட்டத்தின் நடுவே அமரும் மண்டபம் பற்றி அவர் கூறுவது மிகவும் நுட்பமானது. அது எல்லாப் பக்கமும் பார்க்கத்தக்கதாய் இருக்கவேண்டும். ஆயினும், உள்ளே நிகழும் உரையாடல் அணுகி வருபவரின் காதில் விழலாகாது. எவரும் அறியாமல் நெருங்கவும் இயலக்கூடாது. வசதியை அளக்க அவர் எடுத்த அளவுகோல் மனம் விட்டுப் பேச இயலுமா என்பது. இந்நூலை எழுதிய மறுஆண்டே அவர் மறைந்தார்.

அண்டையாரின் உரிமை

கண்ணும் காதும் பற்றிய இக்கவனம் ஒரு தனிமனிதரின் நுண்ணுணர்வு மட்டுமன்று. பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதியும் ஸலாமும் வேண்டுமென அந்நூர் அத்தியாயம் விதித்தது. தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, சட்ட அறிஞர்கள் பார்வையால் விளையும் தீங்கையும் தீங்காகவே கணக்கிட்டனர்.

ஃபுஸ்தாதில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் ஒரு மேல்மாடி அறையைக் கட்டினார்கள். அதிலிருந்து அண்டை வீடுகளின் அந்தரங்கம் தெரியும் என்பதையறிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அதனை இடித்துவிடுமாறு ஆளுநருக்கு எழுதியதாக இப்னு அப்தில் ஹகம் பதிவு செய்துள்ளார். கட்டியவர் நபித்தோழர் என்பதற்காகச் சலுகை தரப்படவில்லை. கைரவானின் ஸஹ்னூன் இமாம் (மறைவு 854) இன்னும் ஒருபடி மேலே சென்றார். முஅத்தின் ஏறி நிற்கும் இடத்திலிருந்து வீட்டு முற்றங்கள் தெரியுமாயின் அதைத் தடுக்கவேண்டும் என்பது அவரது தீர்ப்பு. பாங்கொலிக்குரிய இடமாயினும் முற்றத்தில் இருக்கும் குடும்பத்தின் மரியாதையே முன்னிற்கும்!

14ஆம் நூற்றாண்டில் தூனிஸில் வாழ்ந்த இப்னுர் ராமீ ஒரு கட்டடக் கலைஞர். காழிகளுக்கு ஆலோசனை கூறியவர். சுவர், சன்னல், வாசல், புகை, கழிவுநீர் பற்றி எழுந்த வழக்குகளை அவர் தொகுத்த நூல் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. திறந்த முற்றத்தில் மக்கள் அச்சமின்றி அமர முடிந்ததற்கு உயர்ந்த சுவர் மட்டும் காரணமன்று. அண்டையாரைக் கட்டுப்படுத்திய சட்டமும், அதற்கு உடன்பட்ட மனமும் காரணம்.

அறுந்த இழை

20ஆம் நூற்றாண்டில் இவ்விழை அறுந்தது. ரியாதில் 1950களில் அரசு ஊழியருக்காக எழுந்த அல்மலஸ் குடியிருப்பு இதற்குச் சான்று. நேர்கோட்டுத் தெருக்கள், மனையின் நடுவே வீடு, நாற்புறமும் கட்டாயமாக விடவேண்டிய இடைவெளி என்ற மேலைநாட்டு முறை அங்கே புகுத்தப்பட்டது. ஒரு வீட்டின் சன்னல் அடுத்த வீட்டின் வெளியை நோக்கியது. நிலத்தின் பரப்பு முன்னரினும் பெருகியிருந்தும், குடும்பத்தார் அமரத்தக்க இடம் குறைந்தது. இத்தகைய குடியிருப்புகளில் மக்கள் மதில்மேல் தகடுகளை உயர்த்தி மறைப்புத் தேடினர். மண்ணாலும் முற்றத்தாலும் ஏழைக்கும் நல்ல வீடு இயலும் என்று 1940களில் புதிய குர்னா கிராமத்தைக் கட்டிக் காட்ட முயன்ற ஹசன் ஃபத்ஹீயின் குரல் அக்காலத்தில் போதிய செவிகளை எட்டவில்லை. அத்திட்டமும் முற்றுப்பெறவில்லை.

பழைய வீடுகளை அப்படியே பெயர்த்தெடுத்துக் கட்டவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. மனை சுருங்கிவிட்டது, குடும்பமும் சுருங்கிவிட்டது. ஆயினும் அம்முன்னோர் கேட்ட கேள்விகள் சிறு மனைக்கும் பொருந்தும். காற்று எத்திசையிலிருந்து வருகிறது? பிற்பகலில் நிழல் எங்கே விழுகிறது? தண்ணீரும் பசுமையும் எங்கே இருந்தால் கண்ணுக்கும் உடலுக்கும் குளிர்ச்சி? இங்கிருந்து யார் வீடு நமக்குத் தெரிகிறது, யார் கண்ணில் நாம் படுகிறோம்? இந்நான்கையும் கேட்டபின் இடும் ஒரு பாயும் போதும். இவற்றைக் கேளாமல் இடும் இருக்கைகள், எத்துணை விலையுயர்ந்தவையாயினும் வெறுமையாகவே கிடக்கும்.

இந்நான்கனுள் இறுதிக் கேள்வியே நம் நாளில் முற்றிலும் மறக்கப்பட்டது. நம் வீட்டு மாடியை உயர்த்தும்போது, அடுத்த வீட்டார் அதற்குக் கீழே இனி அமர்வார்களா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் முற்றத்தின் நிம்மதி நம் கையில் மட்டும் இல்லை. பாதி அண்டையார் கையில் இருக்கிறது. அவர்களது நிம்மதியின் பாதி நம் கையில்.