அடி விழுந்த தேதிகள்

அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒரு குடும்பத்தின் கணக்கு முழுக்க இருக்கும். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய தேதிக்கு ஒரு வட்டம், சீட்டுப் பணம் கட்டிய நாள், பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள். மறந்துவிடுவோம் என்று பயப்படுவதையெல்லாம் அதில் குறித்துவைக்கிறோம். புருஷன் கை நீட்டிய நாளை மட்டும் யாரும் குறிப்பதில்லை. அது மறக்க வேண்டிய கணக்கு என்றுதான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நாட்களைக் குறிப்பதற்கென்றே ஒரு காலண்டர் இருக்கிறது. 1985-இல் அமெரிக்காவில் ஒரு செவிலியர் உருவாக்கியது. கடந்த ஓராண்டின் 12 மாதங்களும் கட்டம் கட்டமாக உள்ள ஒரு தாள். கூடவே ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய சில கேள்விகள். இரண்டும் சேர்ந்ததற்கு ‘டேஞ்சர் அசெஸ்மென்ட்’ என்று பெயர். வீட்டுக்குள் அடிபடும் ஒரு பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் படிவம்.

அந்தச் செவிலியர் ஜாக்குலின் கேம்ப்பெல். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பள்ளிச் செவிலியராக இருந்தவர். எந்த ஊரிலும் பள்ளிச் செவிலியரின் அறை மாத்திரை வாங்க மட்டும் வருகிற இடமாக இருப்பதில்லை. அங்கே அவருக்குப் பழக்கமான பெண்களில் ஒருத்தி பதின்வயதிலேயே தாயானவள். அவளுடைய காதலனையும் கேம்ப்பெல்லுக்குத் தெரியும். 1970-களின் இறுதியில் அந்த இளைஞன் அவளைக் கொன்றுவிட்டான். இருவரையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் கேம்ப்பெல். தனக்கு இது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அவரை விடவில்லை.

முதுகலைப் படிப்புக்காக ஆய்வு செய்ய வேண்டி வந்தபோது அவர் டேட்டன் காவல்துறையின் கொலைக் கோப்புகளைத் தேடிப் போனார். கொல்லப்பட்ட பெண்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கொன்றவர்களில் பெரும்பாலோர் கணவர், காதலர், அல்லது முன்பு அப்படி இருந்தவர்கள். பலருடைய விஷயத்தில் கொலைக்கு முன்பே அடிதடி நடந்திருந்தது. 1981-இல் இதையெல்லாம் ஒரு செவிலியர் ஆய்விதழில் கட்டுரையாக எழுதினார்.

காவல்துறைக்கும் இது முற்றிலும் புதிய செய்தி கிடையாது. 1977-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, கான்சாஸ் சிட்டி நகரத்தில் நடந்த குடும்பக் கொலைகளை எடுத்துக்கொண்டு, அந்த முகவரிகளுக்கு முன்பு போலீஸ் போயிருந்ததா என்று பார்த்தது. பத்தில் எட்டு முகவரிகளுக்கும் மேல், கொலைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒரு தடவையாவது போலீஸ் போயிருந்தது. ஏறக்குறையப் பாதி முகவரிகளுக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ போயிருந்தது. ஐந்து முறை கதவைத் தட்டியவர்களுக்கு அந்த வீடு தெரியும், தெருவும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை போனபோதும் அது அன்றைக்குக் கிளம்பிய ஒரு புதுத் தகராறாகவே பதிவாயிற்று. மருத்துவமனையிலும் அப்படித்தான். ஜனவரியில் உதட்டுக்குத் தையல், ஏப்ரலில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு, ஆகஸ்டில் விலா எலும்பு என்று வருகிறவருக்கு மூன்று தனிச் சீட்டுகள் எழுதப்படும். மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்க்க வேண்டியது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அடுக்கிப் பார்க்க ஒரு மேசை வேண்டும் அல்லவா, அந்த மேசையைத்தான் கேம்ப்பெல் செய்தார்.

கேள்விகளை அவர் நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் எழுதிவிடவில்லை. காப்பகங்களில் இருந்த பெண்களிடமும், அவர்களோடு வேலை செய்தவர்களிடமும், காவலர்களிடமும் காட்டிக் கேட்டுத் திருத்தினார். முதல் வடிவத்தில் 15 கேள்விகள். கடந்த ஓராண்டில் அடி அடிக்கடியாகியிருக்கிறதா, கடுமையாகியிருக்கிறதா? வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? கொன்றுவிடுவேன் என்று சொன்னதுண்டா? கர்ப்பமாக இருந்தபோது அடித்ததுண்டா? உங்களைக் கொல்லக்கூடியவர் அவர் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

காலண்டர் வந்தது முதல் கேள்விக்காக. அடி கூடியிருக்கிறதா என்று கேட்டால் பெண்கள் பலர் யோசித்துவிட்டு, இல்லை, எப்போதும் போலத்தான் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அன்றைய சமையல், பிள்ளையின் பள்ளிக்கூடம், நாளைய வேலை என்று வாழ்க்கை நகர்கிறது; நகர வேண்டுமென்றால் நேற்றை ஓரமாக எடுத்து வைத்தாக வேண்டும். நம் ஊரில் இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது: அடிக்கிற கைதான் அணைக்கும். அணைத்த நாள் வந்ததும் அடித்த நாள் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. அடுத்த அடி மறுபடியும் முதல் அடியாகவே விழுகிறது.

ஆகவே கேள்விகளுக்கு முன்னால் காலண்டரைக் கையில் கொடுக்கச் சொன்னார் கேம்ப்பெல். அடிபட்ட நாள் தோராயமாக எது என்று குறிக்க வேண்டும். அந்த நாளுக்கு நேரே 1 முதல் 5 வரை ஓர் எண் போட வேண்டும். அறைந்தது, தள்ளியது, காயமோ நீடித்த வலியோ இல்லை என்றால் 1. குத்து, உதை, கன்றிப்போன தோல், வெட்டு, விடாத வலி என்றால் 2. கடுமையாக அடித்து நொறுக்கியது, தீக்காயம், எலும்பு முறிவு என்றால் 3. ஆயுதம் காட்டி மிரட்டியது, தலையிலோ உள்ளுறுப்பிலோ காயம், கருச்சிதைவு, கழுத்தை நெரித்தது என்றால் 4. ஆயுதத்தாலேயே காயம் என்றால் 5. ஒரே நாளில் இரண்டு எண்கள் பொருந்தினால் பெரியதைப் போட வேண்டும்.

முதல் ஆய்விலேயே இந்தத் தாள் என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டது. அடி கூடவில்லை என்று முதலில் சொன்ன பெண்களில் 38 சதவீதம் பேர், காலண்டரை நிரப்பி முடித்த பிறகு தங்கள் பதிலை ‘ஆம்’ என்று மாற்றினார்கள். யாரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. தங்கள் கையெழுத்தில் தாங்களே போட்ட எண்களைப் பார்த்தார்கள். மார்ச்சில் ஒரு 1, ஜூனில் ஒரு 2, பிறகு செப்டம்பரில் இரண்டு வாரத்துக்குள் ஒரு 2, ஒரு 4 என்று ஒரு தாள் இருந்தால் அதைப் படிக்க நிபுணர் தேவையில்லை.

ஒரு தடவை பாதிக்கப்பட்டவரே மறுபடி பாதிக்கப்படுவார் என்பதை இன்னொரு நாட்டில் வேறொரு குற்றத்திலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்ததும் இதே காலத்தில்தான். இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் திருட்டு மிக அதிகம். ஒரு தடவை திருடு போன வீட்டில்தான் மறுபடி திருடு போகிறது என்று 1980-களின் நடுவில் அங்கே கண்டார்கள். காவலை எல்லா வீட்டுக்கும் பரப்பாமல் திருடு போன வீட்டுக்கும் அதன் அண்டை வீடுகளுக்கும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு முக்கால்வாசி குறைந்தது. 1997-இல் லீட்ஸ் நகரத்தின் கில்லிங்பெக் பகுதிக் காவல்துறை அதே யோசனையைக் குடும்ப வன்முறைக்குக் கொண்டுவந்தது: முதல் அழைப்புக்கு ஒரு நடவடிக்கை, அதே வீட்டிலிருந்து அடுத்த அழைப்பு வந்தால் அதைவிடக் கடுமையானது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இரண்டாவது தடவை திருடு போன வீட்டுக்காரரைப் பார்த்து ‘இன்னும் ஏன் அதே வீட்டில் இருக்கிறீர்கள்?’ என்று யாரும் கேட்டதில்லை. பூட்டை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை அடிபட்ட பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவதே அந்தக் கேள்விதான்.

அந்தக் கேள்விக்குப் பதிலும் கேம்ப்பெல்லின் அடுத்த பெரிய ஆய்வில் வந்தது. அப்போது அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்விப் பேராசிரியர். அமெரிக்காவின் 11 நகரங்களில், துணைவரால் கொல்லப்பட்ட 220 பெண்களின் வாழ்க்கையை, அடிபட்டும் உயிரோடு இருந்த 343 பெண்களின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் தாங்களே பதில் சொன்னார்கள். இறந்தவர்களுக்காக அவர்களுடைய தாயும் சகோதரியும் தோழியும் பதில் சொன்னார்கள். மகளைப் புதைத்த ஒரு தாய், அந்நியர் ஒருவர் கேட்கக் கேட்க, அவன் அவளைப் பின்தொடர்ந்து போவானா, பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவேன் என்று மிரட்டினானா, வேலைக்குப் போனானா என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ள மதிப்பெண் அப்படி உட்கார்ந்து சொன்னவர்களிடமிருந்து வந்தது.

2003-இல் முடிவுகள் வெளிவந்தன. அடிக்கிறவன் கையில் துப்பாக்கி கிடைக்கும் என்றால் கொலை நடக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல். அவன் வேலையில்லாமல் இருப்பதும், வீட்டில் அவனுக்குப் பிறக்காத குழந்தை இருப்பதும் ஆபத்தைக் கூட்டின. முன்பு ஒரு தடவை குடும்ப வன்முறைக்காகக் கைதாகியிருந்தால் ஆபத்து குறைந்தது. பெண்ணின் ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்துகிறவனை விட்டு, ஒன்றாக வாழ்ந்த பிறகு அவள் பிரிந்தால் ஆபத்து ஒன்பது மடங்கு. ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள் என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இந்த ஒன்பதைக் காட்டலாம். கிளம்பினால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு உடம்பால் தெரியும்.

ஆனால் அந்த உணர்வை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கொல்லப்பட்ட பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தங்கள் உயிருக்கு இருந்த ஆபத்தின் அளவை உணர்ந்திருக்கவில்லை. அவர் கொல்லக்கூடியவர் என்று ஒரு பெண் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டும். அப்படிச் செய்ய மாட்டார் என்று சொன்னால் காலண்டரை எடுக்க வேண்டும்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ‘கழுத்தைப் பிடிச்சான்’ என்று நம் பக்கத்தில் பெண்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் தழும்பு இருக்காது, ரத்தம் வராது. கன்னத்தில் விழுந்த அறை நாலு பேருக்குத் தெரியும். நெரித்த கழுத்து துப்பட்டாவுக்குள் மறைந்துவிடும். அதே ஆய்வின் தரவுகளை வைத்து 2008-இல் வெளியான கட்டுரை ஒன்று இதை எண்ணிப் பார்த்தது. முன்பு ஒரு தடவை கழுத்து நெரிக்கப்பட்டுப் பிழைத்த பெண், பின்னர் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். காலண்டரில் எலும்பு முறிவுக்கு 3, கழுத்து நெரிப்புக்கு 4 என்று கேம்ப்பெல் அதை மேலே வைத்திருப்பதை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த 11 நகர ஆய்வுக்குப் பிறகு கேள்விகள் 20 ஆயின, மதிப்பெண்களும் வந்தன. 18-ஐ எட்டினாலே மிக உச்சமான ஆபத்து. 8-க்குக் கீழே இருந்தால் என்ன பெயர் தெரியுமா? மாறக்கூடிய ஆபத்து. ‘ஆபத்து இல்லை’ என்ற பிரிவே அந்தப் படிவத்தில் கிடையாது.

மேரிலாந்தில் இதைச் சுருக்கி 11 கேள்விகளாக்கிப் போலீஸ்காரர் கையில் கொடுத்தார்கள். சம்பவ இடத்திலேயே கேட்டுவிட்டு அங்கிருந்தே உதவி எண்ணுக்குப் பேச வைப்பார்கள். மாசசூசெட்ஸின் ஏம்ஸ்பரி என்ற சிற்றூரில் 2002-இல் ஒரு பெண்ணை அவருடைய கணவன் கொன்றான். அவன் அருகில் வரக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு இருந்தது. அதை மீறியவனை 500 டாலர் ஜாமீனில் விட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணோடு பேசி வந்த உதவி மையத்தார் பிறகு கேம்ப்பெல்லின் படிவத்தை வைத்து, 2005-இல் போலீஸ், வழக்கறிஞர், மருத்துவமனை, நன்னடத்தை அதிகாரி எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் குழு ஒன்றை அமைத்தார்கள். அதிக எண் வாங்கிய பெண்களின் பெயர்கள் அந்த மேசைக்கு வரும். பெண்ணை ஒளித்து வைப்பதற்குப் பதிலாக அடிக்கிறவனைக் கண்காணிப்பில் வைப்பது என்று தீர்மானித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தாள் அடிபடுகிற பெண்ணின் வீட்டில் இருக்கக் கூடாது. அவனுடைய கண்ணில் பட்டால் அதுவே அடுத்த தேதியாகிவிடும். நிரப்பும் இடம் வேறு, வைத்திருப்பவர் வேறு.

இந்தியாவில் இந்தக் காலண்டர் சட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் அதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதன் விதிகளோடு சில படிவங்களும் வந்தன. ஐந்தாம் படிவத்தின் பெயர் பாதுகாப்புத் திட்டம். இது மறுபடி நடக்கும் என்று பயப்படுகிறாரா, இதைவிடக் கடுமையாகும் என்று பயப்படுகிறாரா என்று அதில் கேட்க வேண்டும். முதலாம் படிவம் வன்முறை அறிக்கை. அதில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, இடம், நேரம் எழுத ஒரு பத்தி இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் எதிரே உட்கார்ந்து நிரப்ப வேண்டியது.

எப்போது அடித்தார் என்று கேட்டால், எதிரே இருக்கிற பெண் ‘எப்பவும்தான் மேடம்’ என்பார். அந்தச் சொல்லைப் பத்தியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். அல்லது பேனாவை வைத்துவிட்டு, பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்கலாம். பின்னால்தான் என்பார். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த வாரமா? இல்லை, அதற்கு அடுத்த வாரம். அன்றைக்குச் சம்பள நாள். அவர் கையில் அப்போது என்ன இருந்தது?