ராயப்பனும் பேதுருவும்: எல்லை நிலத்தில் சபைகளின் கதை



வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த கிறித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இறையியல் கல்லூரிகளில் இது பழைய தலைப்பு. ஞானஸ்நானம் குழந்தைக்கா, வளர்ந்தவருக்கா. நற்கருணையில் அப்பம் அப்பமாகவே இருக்கிறதா, மாறுகிறதா. ஆயர் இல்லாமல் திருச்சபை உண்டா என்று அங்கே விவாதிப்பார்கள். அந்த விவாதங்களை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் காலனிகளில் ஒரே தெருவில் ஆர்.சி. கோயிலும் லுத்தரன் சபையும் சிமெண்டு ஷீட் போட்ட ஜெபவீடும் எப்படி வந்தன என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைக்காது. அதற்கு வரலாற்றுக்குள் போக வேண்டும்.

முதலில் பெயர்கள். இயேசுவின் சீடர்களில் மூத்தவர் கத்தோலிக்க வீட்டில் ராயப்பர், சீர்திருத்த சபை வீட்டில் பேதுரு. சின்னப்பரும் பவுலும் ஒருவரே. அருளப்பரும் யோவானும் ஒருவரே. சூசையும் யோசேப்பும் ஒருவரே. ஒரு தரப்பு சர்வேசுரன் என்றது, மறுதரப்பு பராபரன் என்றும் கர்த்தர் என்றும் சொன்னது. சேசு என்று எழுதியவர்களும் இயேசு என்று எழுதியவர்களும் ஒரே மொழியில் ஜெபித்தார்கள், ஆனால் ஒருவர் புத்தகத்தை மற்றவர் தொடவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்களிடம், படிக்கக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறையிலேயே இரண்டு அகராதிகள் கொடுக்கப்பட்டன. 1995இல் இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தது. கத்தோலிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மற்ற சபைகளின் பெரும்பாலான வீடுகளில் பழைய வேதாகமமே இன்றும் இருக்கிறது. ராயப்பன் மகனும் பேதுரு மகனும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தாலும் தங்கள் அப்பாக்களுக்கு ஒரே பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

இனி கிருஷ்ணகிரி. 1895இல் தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள் தொடங்கிய பணி இந்த ஊரில் வேர்விட்டது. இருவரும் முன்பு தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் இருந்தவர்கள். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் தேவ ஏவுதலால் எழுதப்பட்டதா என்ற கேள்வியில் தங்கள் மிஷன் தளர்ந்துவிட்டது என்று சண்டையிட்டு வெளியேறினார்கள். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சினாடு அவர்களை ஏற்று 1894இல் திருப்பி அனுப்பியது. அந்த சினாடு தன் நாட்டுக்கு வெளியே பிறசமயத்தாரிடையே தொடங்கிய முதல் மிஷன் இதுதான். நேத்தர் 1904இல் கிருஷ்ணகிரியிலேயே பிளேக்கில் இறந்தார். பணி ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவி, பின்னாளில் ஐ.இ.எல்.சி. என்று நாம் அழைக்கும் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மிசௌரிக்காரர்களின் விதிப்படி கொள்கையில் முழு உடன்பாடு இல்லாதவர்களோடு நற்கருணை மட்டுமல்ல, ஜெபம்கூடச் சேர்ந்து செய்யக் கூடாது. லைப்சிக் சபையாரும் லுத்தரன்கள்தான், ஆனாலும் சேரக் கூடாது. ஐரோப்பியப் பேராசிரியர்களுக்குள் எழுந்த ஒரு தகராறு, கப்பலேறி வந்து, கிருஷ்ணகிரிச் சேரியில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஒரு கூலிக்காரர் யாரோடு முழங்கால்படியிடலாம் என்பதைத் தீர்மானித்தது. அவருக்கு அந்தத் தகராறின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. மேற்கே ஓசூர்ப் பக்கம் கத்தோலிக்கர்கள் மைசூர் மிஷனின் கீழ் இருந்தார்கள். 1930இல் கும்பகோணம், புதுச்சேரி, மைசூர் பகுதிகளைப் பிரித்துச் சேலம் மறைமாவட்டம் உண்டானது. அதிலிருந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. சீர்திருத்த மிஷன்களோ ஒருவர் வயலில் மற்றவர் இறங்குவதில்லை என்று பெரும்பாலும் தங்களுக்குள் எல்லை வகுத்திருந்தன. ஆக, ஒரு குடும்பம் எந்தச் சபை என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் வரைபடம். அதன் பிறகுதான் அதற்கு நம்பிக்கை என்று பெயர் வந்தது.

வரைபடம் மட்டுமே என்று சொன்னாலும் பிழை. மக்கள் தாங்களாகவே சபை மாறிய தருணங்கள் உண்டு. அவற்றைப் பார்த்தால் எதற்காக மாறினார்கள் என்பது தெரியும். 1833இல் கல்கத்தா ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். புகழ்பெற்ற புலவர் வேதநாயகம் சாஸ்திரியார் அந்த எதிர்ப்பின் முன்னணியில் இருந்தார். ஒரே பாயில் உட்கார முடியாது, ஒரே கிண்ணத்தில் குடிக்க முடியாது என்பதுதான் அவர்கள் தகராறு. அப்படி மனம் கசந்தவர்களில் பலர், சாதியைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் சபைக்குப் போனார்கள். விசுவாச அறிக்கையை ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் போகவில்லை.

எதிர்த்திசையிலும் நடந்தது. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் சபைகளில் நாடார்கள் பெரும்பான்மை. அங்கிருந்த சாம்பவர்களில் ஒரு பகுதியினர் 1907இல் மிசௌரி லுத்தரன்களை நாகர்கோவிலுக்கு அழைத்தார்கள். இங்கே கிருஷ்ணகிரியில் வேதவசன ஏவுதலுக்காகத் தொடங்கிய மிஷன், அங்கே சுயமரியாதைக்கான வாசலாகிவிட்டது. உயர்த்திக்கொண்ட சாதிகள் தீட்டைக் காக்கச் சபை மாறின, நம் மக்கள் மரியாதை தேடிச் சபை மாறினார்கள். இரண்டும் பதிவேடுகளில் ‘கொள்கை வேறுபாடு’ என்ற தலைப்பின் கீழேயே கிடக்கின்றன.

சபைகளின் ஒன்றிப்பு என்றதும் எல்லாரும் தென்னிந்தியத் திருச்சபையைச் சொல்வார்கள். உண்மையிலேயே பெரிய காரியம்தான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர அனைவரும் இந்தியர்கள். மேற்கத்தியப் பிரிவினைகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். 28 ஆண்டு பேச்சுக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாயின. ஆயர் உள்ள மரபும் ஆயர் இல்லாத மரபும் இணைந்தது உலகத் திருச்சபை வரலாற்றிலேயே புதியது. லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். அதன் பிறகும் பல ஆண்டு பேச்சு நடந்தது, இணைப்பு நடக்கவில்லை.

இந்த 28 ஆண்டுகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஆயர் பட்டத்தின் தொடர்ச்சி. இணையும் சபைகளின் உறுப்பினர்களில் மிகப் பெரும் பகுதியினர் தீண்டாமைக்கு ஆளானவர்கள். அந்த விஷயத்துக்கு எத்தனை அமர்வுகள் ஒதுக்கினார்கள் என்று ஆய்வு மாணவர் யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று பேராயர் தேர்தல் வந்தால் சாதிக் கணக்கு போடுவது யாருக்கும் ரகசியமில்லை.

ஒரே நம்பிக்கை இருந்தால் ஒருவரையொருவர் அறிந்துவிடுவோமா? விழுப்புரம் பக்கம் எறையூரைப் பாருங்கள். வன்னியரும் தலித்துகளும் அங்கே கத்தோலிக்கர்கள். ஒரே போப்பாண்டவர், ஒரே திருப்பலி. ஆனால் சவ ஊர்வலப் பாதை வேறு, கல்லறைத் தோட்டம் வேறு. தலித்துகள் தங்களுக்கென ஒரு சகாயமாதா கோயில் கட்டி அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் தெரு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் இறந்தார்கள். அங்கே விசுவாசத்தில் ஒரு எழுத்துக்கூட வேறுபாடு இல்லை.

நம் எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல் இதற்கு நேர்மாறான பாடம். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன நம் மக்கள் சுரங்க லைன்களில் வாழ்ந்தார்கள். கத்தோலிக்கர், ஆங்கிலிகன், மெதடிஸ்ட் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு 1907இல் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரிந்தவர்கள் திங்கட்கிழமை ஒரே கூண்டில் பூமிக்குள் இறங்கினார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது யாரும் யாரிடமும் எந்தச் சபை என்று கேட்டிருக்க வாய்ப்பில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது.

ஓசூரில் சிப்காட் வந்தது 1970களில். அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வர, தென் மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தங்கவயலில் லைன் வீடு எல்லாரையும் சேர்த்து வைத்தது. இங்கே வாடகை வீடுகள், ஒப்பந்தக் கூலி, மாறும் ஷிப்டு. ஞாயிறு காலை பூசைக்குப் போக முடியாதவரை மாலை ஏழு மணிக்கு வீடு தேடி வந்து ஜெபிப்பவர் பெந்தெகொஸ்தே பாஸ்டர். பெரும்பாலும் அவரும் நம் ஆள்தான், பகலில் வேலைக்குப் போகிறவர்தான். ‘அல்லேலூயா கூட்டம்’ என்று பழைய சபைக்காரர்கள் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பில் இறையியல் எவ்வளவு, தரையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறவர்கள் மேல் உள்ள இளக்காரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி முழுக்கு எடு என்று அவர்கள் சொல்வது, பாட்டி எத்தனையோ பாடுபட்டுக் காத்த விசுவாசத்தை ஒன்றுமில்லை என்று சொல்வதாகவே ஆர்.சி. வீட்டில் கேட்கிறது.

அரசாங்கம் இந்தப் பிரிவை இன்னும் ஆழமாக்கியிருக்கிறது. 1950 ஆகஸ்டு 10 ஆணையின் மூன்றாம் பத்தி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே. தமிழ்நாட்டில் கிறித்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர். அதனால் பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு சாட்சிப் பத்திரமாகிவிட்டது. பதிவேடே வைக்காத ஜெபவீடு ஒரு அடைக்கலமாகிவிட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணனிடம் எஸ்.சி. சான்றிதழ், தம்பியிடம் பி.சி. சான்றிதழ் என்றால், அடுத்த தெருக்காரர் எந்தச் சபை என்று கேட்டாலே பயம் வருகிறது. இந்தப் பயம் இருக்கும்வரை எந்த ஒன்றிப்புக் குழுவாலும் நம்மை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்த முடியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண்ணொருவரின் எஸ்.சி. கோரிக்கையை நிராகரித்தபோது, அவர் ஞானஸ்நானம் பெற்றதும் கோயிலுக்குப் போனதும்தான் ஆதாரங்களாக வைக்கப்பட்டன.

இந்தக் காயத்தின் மேலேதான் உண்மையான ஒன்றிப்பும் முளைத்தது என்பதை மறக்கக் கூடாது. கத்தோலிக்க ஆயர் பேரவையும் இந்தியத் தேசியக் கிறித்தவ சபைகள் மன்றமும் சேர்ந்து நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்கின்றன. ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாக இரு தரப்பும் அனுசரிக்கின்றன. நற்கருணையில் இன்னும் ஒன்றாக உட்கார முடியாத சபைகள், நம் கோரிக்கையின் பேரில் ஒன்றாகத் தெருவில் நிற்கின்றன. சுதந்திரமான ஜெபவீடுகள் மட்டும் இந்த வரிசையில் இல்லை. அவர்களை அழைத்தோமா என்பது நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

இப்போது ஓசூருக்கு ஜார்க்கண்டு ஆதிவாசிப் பெண்கள் மின்னணு ஆலை வேலைக்கு வந்திருக்கிறார்கள். அந்த மண்ணில் 1845 முதல் கோஸ்னர் லுத்தரன் மிஷன், பின்பு ஆங்கிலிகன், கத்தோலிக்க மிஷன்கள். அங்கேயும் ஒரே கிராமம் மூன்று சபையாய்ப் பிரிந்தது. 1938இல் உன்னதி சமாஜமும் கத்தோலிக்க சபாவும் ஆதிவாசி சபைக்குள் சேர்ந்தன, அடுத்த ஆண்டு ஜெய்பால் சிங் தலைமை ஏற்றார். நிலம் போகிறது என்றபோது அவர்கள் சபைகளைத் தாண்டினார்கள். விடுதியில் அவர்கள் பக்கத்தில் வசிக்கும் நம் பெண்களுக்கு இந்தக் கதை தெரிந்தால் இந்தி தெரியாதது பெரிய தடையாகாது.

மாணவர்களிடம் ஒரு வேலை இருக்கிறது. 1985இல் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. ஆதிதிராவிடர், கிறித்தவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு தீண்டாமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் இதே கேள்விக்காக அமைக்கப்பட்டது. ஆதாரம் நம் வீடுகளில் இருக்கிறது. ஆர்.சி. கல்லறைத் தோட்டத்தின் சுவரில் இருக்கிறது, லுத்தரன் தாத்தா எந்த உபதேசியார் சொல்லி எந்த ஆண்டு சேர்ந்தார் என்ற நினைவில் இருக்கிறது, ஜெபவீட்டுக்கு வருகிறவர் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு சபைக்காரர் மட்டும் போய்க் கேட்டால் மற்றவர் வாய் திறக்க மாட்டார். ஆகவே கிருஷ்ணகிரியிலிருந்து தளி வரை, ஒரு ஆர்.சி., ஒரு லுத்தரன், ஒரு சி.எஸ்.ஐ., ஒரு பெந்தெகொஸ்தே என்று நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். பெயரைக் கேட்கும்போது ராயப்பன் என்றால் பேதுரு என்று அறிந்தவர்களாகப் போங்கள்.