கிறிஸ்து ஆலயம், திருச்சிராப்பள்ளிக் கோட்டை

திருச்சி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்தை அடுத்து நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. காவிரிக் கரையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றிய தொடக்க இடங்களுள் இதுவும் ஒன்று.

ஆலயம் எழுந்ததற்குப் போரும் ஒரு காரணம். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குத் திருச்சிக் கோட்டையே கடைசிப் புகலாக இருந்த காலத்தில், பிரெஞ்சுப் படை திருவரங்கம் தீவில் பாசறை அமைத்து அதை முற்றுகையிட்டது. 1752 ஜூனில் அப்படை சரணடைந்தது. அதன்பின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை கோட்டையில் நிலைகொண்டது. சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் சேர்ந்த அந்தக் கூட்டத்துக்கு நிலையான குருவானவர் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கிறிஸ்தியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். பிரஷ்யாவில் 1726-இல் பிறந்த இவர், 1750-இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்றார். 1762-இல் திருச்சிக்கு வந்தார். நவாபின் அவையினரோடு பேசுவதற்காகப் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்துக்கொண்டார். மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றே அழைத்தனர். படை அதிகாரிகள் பொருளுதவி செய்ய, ஆலய வேலை நடந்தது. 1766 மே 18, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பிரதிஷ்டை நடைபெற்றது. வெள்ளைச் சிப்பாய்களும் தமிழ்ச் சபையாரும் ஒரே ஆலயத்தில், அவரவர் மொழியில் வழிபட்டனர். பின்னர் படைக் குருவாக நியமிக்கப்பட்டபோது கிடைத்த ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியத்தில் பாதியைச் சுவார்ட்ஸ் சபைக்கே கொடுத்தார்.

கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, ஆதரவிழந்த பிள்ளைகளுக்காகச் சுவார்ட்ஸ் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆலயத்தைவிட இந்தப் பள்ளியே ஊரின் வாழ்வில் ஆழமாகப் பதிந்தது எனலாம். பின்னாளில் இங்கு வந்த பிஷப் ஹீபரின் பெயரால் வழங்கும் பள்ளி அதன் வழிவந்ததே.

1778-இல் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து, 1798-இல் அங்கேயே காலமானார். திருச்சிப் பணியை மிஷனரி கிறிஸ்தியன் போலே 1818-இல் இறக்கும்வரை தாங்கினார். அதன்பின் சபை தளர்ந்தது.

அந்நிலையில்தான் கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் வந்தார். 1826 ஏப்ரல் 2, ஞாயிறன்று தூய யோவான் ஆலயத்தில் பிரசங்கித்தார். மறுநாள் விடியலில் கிறிஸ்து ஆலயத்துக்கு வந்து, தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். சபையின் வறுமையைக் கண்டு வருந்தினார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளியல் தொட்டியில் இறங்கியவர் அங்கேயே உயிரிழந்தார். வயது 42. உடல் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஹீபர் கடைசியாக நடத்திய ஆராதனை என்பதால், அந்தக் காலைப்பொழுது கிறிஸ்து ஆலய வரலாற்றில் தனியிடம் பெறுகிறது.

அதே காலத்தில் திருச்சிப் பணி எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலிக்க மிஷனரிச் சங்கத்தின் பொறுப்புக்கு மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. மெயின்கார்டு கேட் மட்டும் எஞ்சியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆலயம் அதில் இணைந்தது. இப்போது திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்தில் அடங்கும். ஹீபரின் பெயர் கல்வியிலும் நிலைத்தது: புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரி 1966-இல் மீண்டும் தொடங்கப்பட்டது.