காதுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்?

தம்மம்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை. ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சமலை. பஸ்ஸை விட்டு இறங்கி நாலு தெரு நடந்தால் 'டொக்... டொக்' என்று உளிச் சத்தம் காதில் விழும். மரச் சிற்பங்களுக்குப் பேர் போன ஊர்.

அங்கே ஒரு சிற்பியின் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அரைகுறையாகச் செதுக்கிய பிள்ளையாருக்குப் பின்னால், பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு லேப்டாப்பும் கையுமாக அவர் மகன். என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றி நீட்டினான்.

"கேட்டுப் பாருங்க சார். பாட்டுக்குப் பின்னாடி 'ஸ்ஸ்ஸ்'னு ஒண்ணு வருதா?"

வந்தது. மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்று இன்னொன்றும் வந்தது.

"வெளியில டேக், ஆம்ப்னு தனியா ரெண்டு பெட்டி வாங்கி மாட்டினா சரியாயிடும்னு சொல்றாங்க. முப்பதாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். வாங்கலாமா?"

உளியை நிறுத்தாமலே அப்பா கேட்டார்: "அந்தக் காசுக்கு வாகைக் கட்டை வாங்கிப் போட்டா மூணு மாசம் வேலை ஓடும். வெறும் சத்தத்துக்கா அவ்வளவு?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1924, ஜூலை 31. சென்னை. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் பிறந்த 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' அன்றைக்குத்தான் ஒலிபரப்பைத் தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரின் பலம் எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்புக்கான கரண்ட்! அதை வைத்துக்கொண்டு பாட்டையும் பேச்சையும் காற்றில் அனுப்பினார்கள்.

அந்தக் காலத்தில் எளியவர்களின் ரேடியோ, கிரிஸ்டல் செட். ஒரு கம்பிச் சுருள், ஒரு சின்னக் கனிமத் துண்டு, ஒரு ஹெட்போன். அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. காற்றில் வரும் அலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளியூண்டு சக்தியே காதுக்குள் சத்தமாக மாறும். அந்தக் கனிமத்தை வைத்து மின் அலையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு 1904-லேயே அமெரிக்க காப்புரிமை பெற்றவர் யார் என்கிறீர்கள்? நம் ஜகதீஷ் சந்திர போஸ்!

இருக்கிற சக்தி துளியூண்டு என்பதால், பாரமெல்லாம் ஹெட்போன் தலையில்தான். அதில் கில்லாடி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின். 1910-ல் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்தார். ஒரு ஜோடியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். மாட்டிப் பார்த்த கடற்படை அசந்துபோய் ஆர்டர் கொடுத்தது. பெரிய சத்தம் போட்டதற்காக இல்லை. எவ்வளவு மெலிசான சமிக்ஞை வந்தாலும் அதைக் காதுக்குக் கொண்டு சேர்த்ததற்காக.

ஆக, பிறக்கும்போதே ஹெட்போன் கஞ்சன். கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் போதும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சென்னை ரேடியோ கிளப் பணமில்லாமல் 1927-ல் மூடப்பட்டது. 1930-ல் சென்னை மாநகராட்சி அந்த வேலையைக் கையில் எடுத்தது. பார்க்கிலும் பீச்சிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காரணம், வால்வு ஆம்ப்ளிஃபயர். மெலிந்த சமிக்ஞையை ஊரே கேட்கிற அளவுக்குப் பெருக்க வழி வந்துவிட்டது. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தபோது, பாட்டு கேட்பது என்றால் கூட்டமாகக் கேட்பது என்றாகிவிட்டது. ஹெட்போன் டெலிபோன் ஆபரேட்டர்களோடும் ராணுவத்தோடும் ஒதுங்கிப் போனது.

அதை மறுபடி பாட்டுக்கு இழுத்து வந்தவர் ஜான் காஸ். 1958, அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். இரண்டு காதுக்கும் தனித்தனிச் சத்தம் தரும் ஸ்டீரியோ ஹெட்போனை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1979 ஜூலையில் ஜப்பானில் சோனியின் வாக்மேன் வந்தது. பர்மா பஜாரில் தொங்கியதும், துபாய் மாமா கொண்டுவந்ததும் அதுதான்.

நம் பாட்டும் அதற்குள் தயாராகிவிட்டது. 1978-ல் வெளிவந்த 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டுகள், தமிழில் முதலில் ஸ்டீரியோவில் பதிவானவை என்று பேர் பெற்றவை. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கும் சுகத்தைத் தமிழ்க் காதுகள் கண்டுகொண்டன. ரஜினி சிங்கப்பூரைச் சுற்றிவந்த படம் அது.

அதே சிங்கப்பூரில், மூன்று வருடம் கழித்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை திறந்தது. சிம் வோங் ஹூ என்பவரும் அவர் நண்பரும் சேர்ந்து 1981-ல் தொடங்கிய 'கிரியேட்டிவ்' அது. சிம்முக்கு மவுத் ஆர்கன் என்றால் உயிர். அவர் வேலை பார்த்ததோ கம்ப்யூட்டரோடு. அதே 1981-ல் வந்த ஐபிஎம் பி.சி.க்குள் இருந்தது ஒரு சின்ன ஸ்பீக்கர். 'பீப்' என்று கத்தும், அவ்வளவுதான். மனிதர் சும்மா இருப்பாரா? 1989-ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் செருகினால் அது பாடும், பேசும், விளையாட்டில் குண்டு வெடிக்கும். உலகமே வாங்கியது. 2023 ஜனவரியில் அவர் இறந்தபோது, தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கிய தலைமுறை அந்தக் கார்டைத்தான் நினைத்துக்கொண்டது.

சரி, கம்ப்யூட்டருக்குள் பாட்டு எப்படி இருக்கிறது? எண்களாக. பேச்சை எண்ணாக்கி அனுப்பலாம் என்று அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பாரிஸில் 1937-ல் யோசித்தார். 1982-ல் வந்த சி.டி., அந்த யோசனையின் பேரப்பிள்ளை. ஒரு விநாடிச் சத்தத்தை 44,100 இடங்களில் அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதிவைக்கிறது. ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி.

இந்த எண்களை மறுபடி மின் அலையாக மாற்றுகிற சில்லுக்குத்தான் டேக் என்று பெயர். தம்மம்பட்டிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். யானையின் தும்பிக்கையை முதலில் உளியால் கொத்திக் கொத்தித்தான் வளைக்கிறார்கள். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் கொத்தின தடமே தெரியாது. டேக்கும் அப்படித்தான். உள்ளே இருக்கும் வடிகட்டி படிகளை வழவழவென்று ஆக்கித்தான் வெளியே விடுகிறது. அந்த மெல்லிய அலையை ஹெட்போனை அசைக்கிற அளவுக்குப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர்.

இந்த இரண்டு வேலையும் ஒரு காலத்தில் தனிக் கார்டில் நடந்தன. 1997-ல் இன்டெல் ஏசி-97 என்ற முறையைக் கொண்டுவந்தது. தனிக் கார்டு வேண்டாம், தாய்ப்பலகையிலேயே ஒரு மலிவான சில்லைப் பதித்துவிடலாம். விலை குறைந்தது. எல்லா கம்ப்யூட்டரும் பாட ஆரம்பித்தது.

சிக்கலும் அங்கேதான். லேப்டாப்பின் உள்பக்கம் ஒரு சந்தைக்கடை. பிராசஸர், நினைவகம், வைஃபை, சார்ஜ் ஆகும் பேட்டரி... எல்லாம் விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை கரண்டை விட்டு விட்டு இழுக்கும். அதற்கு நடுவே மெல்லிசான சங்கீத அலையைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? சந்தை இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். தம்பி கேட்ட 'ஸ்ஸ்ஸ்' அதுதான். வயரிங்கை நன்றாகப் பிரித்துப் போட்ட லேப்டாப்பில் இந்தத் தொல்லை வராது. எல்லாவற்றிலும் அந்தக் கவனம் இருப்பதில்லை.

வழி? கச்சேரியைச் சந்தைக்கு வெளியே வைப்பதுதான். யுஎஸ்பி வழியாக எண்களை எண்களாகவே வெளியே கொண்டுவந்து, தனிப் பெட்டியில் அலையாக மாற்றுவது. தூசி ஒட்டுவதற்கு அலை என்று ஒன்று லேப்டாப்புக்குள் இல்லவே இல்லை!

யோசனை அபாரம். ஆனால் அதற்குப் பின்னால் வியாபாரமும் வந்தது. பத்தாயிரம், ஐம்பதாயிரம், லட்சம் என்று விலை ஏறியது. 'பட்டுப் போன்ற ஒலி', 'இருட்டான பின்னணி' என்று வர்ணனைகள் பறந்தன.

2011-ல் ஒரு மர்ம ஆசாமி வந்தார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. இணையத்தில் 'நார்த்வெஸ்ட்' ஆசாமி என்று பொருள்படும் ஒரு புனைபெயர் மட்டும். வர்ணனையை விடுங்கள், மீட்டரை வைத்து அளந்து காட்டுங்கள் என்றார். பல விலையுயர்ந்த பெட்டிகளை அளந்து, உள்ள குறைகளைப் போட்டு உடைத்தார். "விலைதான் தரம்" என்றவர்களோடு ஓயாத சண்டை. கடைசியில் 'ஓ-2' என்று ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைத் தானே வடிவமைத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம், வடிவத்தை மட்டும் மாற்றக்கூடாது. தனக்கு ஒரு பைசா வேண்டாம்! அடுத்து ஒரு டேக்கும் வெளிவந்தது. அதே 2012-ல் ஆள் மாயமானார். அவர் யார் என்பது இன்றுவரை வெளியே தெரியவில்லை. ஓ-2 மட்டும் பிழைத்துக்கொண்டது.

அவர் சொன்னதை மெய்ப்பித்தது, விரலளவு வயர். 2016-ல் ஐபோனிலிருந்து ஹெட்போன் துளையை ஆப்பிள் எடுத்துவிட்டது. ஊரே திட்டியது. பதிலுக்கு ஒரு குட்டி வயரைக் கொடுத்தார்கள். அதன் நுனிக்குள்ளேயே டேக்கும் இருந்தது, ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. அமெரிக்காவில் விலை 9 டாலர். பிறகு வந்த யுஎஸ்பி-சி வயரை அளந்து பார்த்தவர்கள், பல பெரிய பெட்டிகளுக்கு அது சளைத்ததில்லை என்று கண்டார்கள்.

இப்போது கஞ்சன் விஷயத்துக்கு வருவோம். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே இன்றைய பல ஹெட்போன்கள் 100 டெசிபல் அளவுக்குக் கத்தும். காதுக்கு எவ்வளவு பத்திரம்? வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, பெரும்பாலானவர்களுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்லை. 300 ஓம், 600 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்டுடியோ ஹெட்போன்களுக்குத்தான் கூடுதல் வோல்ட் வேண்டியிருக்கும்.

பெட்டியைக் கடையில் மாட்டிக் கேட்டால் உடனே பிரமாதமாக இருக்குமே, அது எப்படி? அது கொஞ்சம் உரக்கப் பாடும். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை 'உரக்க' என்று சொல்லாது, 'நன்றாக' என்று சொல்லும். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்து, எது எது என்று தெரியாமல் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். "முதல்ல சார்ஜரைப் பிடுங்கிட்டுக் கேளு" என்றேன். பிடுங்கினான். பாதி இரைச்சல் காணோம்! என் பையில் அந்த விரலளவு வயர் ஒன்று இருந்தது. யுஎஸ்பியில் செருகி, அதில் ஹெட்போனை மாட்டினோம். மிச்சமும் போய்விட்டது.

"அப்போ முப்பதாயிரம்?"

"வயருக்கு ஆயிரம் எடுத்து வெச்சுக்கோ. மிச்சத்தை அப்பாகிட்ட கேளு."

அப்பா அப்போதுதான் உளியைக் கீழே வைத்தார். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே ஓட்டை இருப்பதைச் சொல்லும் காது அது. ஒரு முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"முன்னால கேட்டதுக்கும் இதுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று மகன் ஆவலாகக் கேட்டான்.

"சத்தம் கம்மியா இருக்கு. நல்லா இருக்கு" என்றார்.